ஆறு எப்போது திரும்பி வரும், மிஸ்?

மாலத்தீவில் ஆசிரியையாக இருந்த நான்கு ஆண்டுகளில் நான் செய்த திருத்தங்களிலேயே பெரியது, ஒரு பாட்டியை ஆணாக்கியதுதான். அதையும் சிவப்பு மையில், பதினோரு இடங்களில் செய்தேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'என் குடும்பம்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். முன்வரிசையில் உட்காரும் சிறுவன் ஒருவன் தன் மாமாவைப் பற்றியே பக்கத்தை நிறைத்திருந்தான். மாமா நன்றாகச் சமைப்பாள், மாமாவுக்கு மூன்று பல் மட்டுமே மீதமிருக்கிறது, மாமா அப்பாவை அதட்டுவாள் என்று கட்டுரை போனது. தங்கையின் கணவரை அதட்டுகிற தாய்மாமன் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் உண்டு என்பதால், எனக்கு அதில் எந்த ஐயமும் எழவில்லை. பிள்ளைக்கு ஆண்பால் பெண்பால் பிடிபடவில்லை என்று முடிவுகட்டி, 'ஷி' என்றிருந்ததையெல்லாம் அடித்து 'ஹி' என்று மாற்றிக்கொண்டே வந்தேன். பெருநாளன்று மாமா பெட்டியிலிருந்து தங்க வளையல்களை எடுத்துப் போட்டுக்கொள்வாள் என்ற வரியில் மட்டும் பேனா சற்றே தயங்கியது. ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், அதைக் குறை சொல்ல நாம் யார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, மாமாவுக்கு வளையலையும் அணிவித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை முதல் பாடவேளையில், நீண்ட அங்கியும் முக்காடுமாக ஒரு மூதாட்டி அந்தச் சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றார். நோட்டுப் புத்தகத்தை என் மேசைமேல் விரித்து, ஒவ்வொரு சிவப்புத் திருத்தத்தின் மீதும் விரலை வைத்துவிட்டு, அதே விரலைத் தம் நெஞ்சில் வைத்துக் காட்டினார். பக்கத்து வகுப்பின் உள்ளூர் ஆசிரியை ஓடிவந்து விளக்கிய பிறகுதான் விளங்கியது: அவர்களுடைய திவேஹி மொழியில் 'மாமா' என்றால் பாட்டி. தாத்தா 'காஃபா', அப்பா 'பப்பா'. நான் மன்னிப்புக் கேட்டேன். மூதாட்டி வாய்விட்டுச் சிரித்தார். பல் மூன்றுதான் இருந்தது. பையன் கணக்கில் பிழை இல்லை.

எனக்குச் சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். வீட்டு மாடியில் ஏறினால் பொதிகை மலை கண்முன் நிற்கும். சற்று நடந்தால் பாபநாசம் படித்துறை. பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சியை முடித்து, சில ஆண்டுகள் தனியார் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்கு உழைத்த பிறகு, 2014ஆம் ஆண்டு மாலத்தீவு வேலைக்கு விண்ணப்பித்தேன். திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு அது ஒன்றும் கண்காணாத தேசமல்ல. தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு தோணிகள் காலங்காலமாக அங்கே போய்வருகின்றன. அங்கிருந்து வரும் மாசிக்கருவாடு நம் சந்தையிலும் கிடைக்கும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் மாலே வந்துவிடுகிறது. சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் போவதை விடச் சீக்கிரம் என்று சொல்லித்தான் வீட்டில் அனுமதி வாங்கினேன். மாலேயிலிருந்து எனக்கு ஒதுக்கிய தீவுக்குப் போக அதற்கு மேல் ஒரு பகல் ஆகும் என்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

தீவின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். ஒரு கரையில் தும்மினால் மறுகரையில் நலம் விசாரிப்பார்கள். பள்ளியில் திவேஹியும் இஸ்லாம் பாடமும் தவிர மற்றவையெல்லாம் ஆங்கிலத்தில்தான். வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பள்ளிக்குக் கிளம்புவதை என் அம்மாவால் நான்கு ஆண்டுகளிலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "ஞாயித்துக்கெழம பிள்ளையள வரச்சொல்லுத பள்ளிக்கூடமும் ஒரு பள்ளிக்கூடமா?" என்று வாரம் தவறாமல் கேட்பாள்.

போன முதல் மாதம் சித்திரை வெயிலுக்குச் சமமான வெயில். பாடம் நடத்திவிட்டு, புரிந்ததா என்று கேட்டால், இருபது குரல்கள் ஒன்றாக "நூங்" என்றன. ஊரில் அது நுங்கு வெட்டும் காலம். பனையோலையில் பதனீரை ஊற்றி, அதில் இளநுங்கை வழித்துப் போட்டுக் குடித்துக்கொண்டிருக்கும் வீட்டாரை நினைத்து ஏற்கெனவே ஏங்கிக்கொண்டிருந்த என் காதில், பிள்ளைகள் நுங்கு கேட்பதாகவே விழுந்தது. பனைமரமே இல்லாத தீவில் இவர்களுக்கு நுங்கு எப்படித் தெரியும் என்று நான் மகிழ்ந்து வியந்துகொண்டிருக்க, அவர்கள் 'இல்லை, புரியவில்லை' என்பதைத்தான் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'நூன்' என்று எழுதி, இறுதி மெய்யை மூக்கால் இழுத்துச் சொல்லும் சொல் அது. பிற்பகலில் ஆங்கில வணக்கம் சொல்லும்போது அதன் கடைசி அசையில் சில குறும்பர்கள் தலையை இடவலமாக ஆட்டிச் சிரிப்பதன் காரணமும் அதன் பிறகே பிடிபட்டது. 'நல்ல மதியம்' என்று சொல்லிவிட்டு, கூடவே 'இல்லை' என்றும் சொல்லிக்கொள்கிறார்களாம்.

வீட்டுப்பாடத் தகராறு இன்னொன்று. திவேஹியை எழுதப் பயன்படும் தானா எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களின் வடிவிலிருந்து உருவானவை என்பதால், எழுத்துகளைப் பார்த்தாலே கணக்குப் போட்டு வைத்திருப்பது போலத் தோன்றும். அந்தப் பிள்ளைகளுக்கு நோட்டின் முதல் பக்கம் எது என்பது அன்றைக்கு முதல் பாடவேளை எது என்பதைப் பொறுத்தது. ஒரு சிறுமியின் ஆங்கில நோட்டில் பக்கம் பக்கமாக வெறுமையைக் கண்டு, வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று சிவப்பில் எழுதி, எழுந்து நிற்கவும் சொன்னேன். அவள் நின்றாள். நான் பேசி முடிக்கும் வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, நோட்டை வாங்கி, அப்படியே பின்னட்டை மேலே வரும்படி திருப்பி, என்னிடம் நீட்டினாள். எல்லாம் இருந்தது, கையெழுத்தும் அழகாக இருந்தது. அந்த வகுப்பில் என் சிவப்புப் பேனாவை ஒளித்து வைத்துவிடலாமா என்று நான் நினைக்கத் தொடங்கியது அன்றுதான்.

இதெல்லாம் மொழிக்குழப்பம், எந்த நாட்டிலும் நடக்கும். நான் உண்மையில் திணறியது, அறிவியல் புத்தகத்தில் ஆறு என்ற பாடம் வந்த வாரத்தில். மாலத்தீவில் ஆறு கிடையாது. மலையும் கிடையாது, நிலத்தின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் ஒன்றரை மீட்டர்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீராக இருக்கும் ஊரில், தண்ணீர் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஒரே திசையில் போகிறது என்பதை எப்படிச் சொல்வது? எனக்கோ ஆறு என்றால் தாமிரபரணி. ஆகவே கரும்பலகையின் இடக்கோடியில் பொதிகை மலையை வரைந்து, உயரம் 1868 மீட்டர் என்று எழுதி, பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று ஒவ்வொரு ஊராகத் தொட்டு, வலக்கோடியில் புன்னைக்காயலில் கொண்டுபோய்க் கடலில் சேர்த்தேன். பெருமிதத்தோடு திரும்பிப் பார்த்தால், இருபது பேரும் கையைத் தூக்கியிருந்தார்கள்.

மலையில் ஏற மின்தூக்கி உண்டா என்றான் ஒருவன். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்றாள் ஒருத்தி, குடிக்கலாம் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. அவர்கள் வீடுகளில் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து, அதைக் குடிக்கும் தண்ணீராகக் காப்பாற்றி வைப்பார்கள். குடிக்கிற தண்ணீரை இரவும் பகலும் கடலில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்களா, அதை நிறுத்த யாருமே இல்லையா என்று அவள் கேட்ட தொனியில், நான் விக்கிரமசிங்கபுரத்து மக்கள் அனைவரின் சார்பிலும் தலைகுனிந்தேன். பாபநாசம் அணையைச் சொல்லி, 143 அடி வரை தண்ணீர் நிற்கும் பெரிய தொட்டி அது என்று கூறிச் சமாளித்தேன். மூடி போட்ட தொட்டியா என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிறகு, பாட்டியை நான் ஆணாக்கிய அதே சிறுவன் எழுந்து, படத்தையே வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஆறு கடலுக்குப் போய்விட்டது, சரி. எப்போது திரும்பி வரும், மிஸ்?"

திரும்பி வராது என்றேன். அவன் நம்பவில்லை. வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த தண்ணீரெல்லாம் காலையில் போனால் மாலையில் வந்திருக்கிறது. படகுத்துறைப் படியில் ஏற்றத்துக்கு ஒரு கோடும் இறக்கத்துக்கு ஒரு கோடுமாகப் பாசி படிந்திருக்கிறது. போய்விட்டுத் திரும்பாத தண்ணீர் என்று ஒன்று இருக்கிறது என்றால், அது ஏதோ வழிதவறிய தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. வெள்ளிக்கிழமையாவது நிற்குமா என்று ஒருவன் சமரசம் பேசினான்.

கண்ணால் பார்த்தால் ஒழிய விடமாட்டார்கள் என்று புரிந்ததால், தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் காணொளி அழைப்புக்கு ஏற்பாடு செய்தேன். நம் ஊர்க் கடிகாரம் அவர்களுடையதை விட அரை மணி நேரம் முன்னே ஓடுவது; ஒன்பது மணி வகுப்புக்கு அம்மா ஒன்பதரைக்குப் பாபநாசம் படித்துறையில் இருக்க வேண்டும். அப்பாவின் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, கைப்பேசியைப் பால்சொம்பு பிடிப்பதுபோல இரு கையாலும் பிடித்துக்கொண்டு அம்மா வந்து சேர்ந்தாள். திரையில் நரைத்த தலையும் மூக்குத்தியுமாக அவள் முகம் தெரிந்த கணம், வகுப்பே எழுந்து நின்று கூவியது.

"மாமா! மாமா! மாமா!"

அம்மாவின் முகம் சுருங்கியது. கைப்பேசியைக் காதோரம் கொண்டுபோனதால் எங்கள் திரை முழுக்க அவள் கம்மல் மட்டும் தெரிந்தது. "ஏட்டி, என்னைய எதுக்குட்டி இதுவ மாமா மாமாங்குதுவ? மீசையா வச்சிருக்கேன்?" என்றாள். பின்னாலிருந்து அப்பா சிரிப்பது கேட்டது. நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அம்மா கைப்பேசியை ஆற்றுப்பக்கம் திருப்பிவிட்டாள்.

சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. ஐப்பசி மழை முடிந்திருந்த சமயம். தாமிரபரணி படித்துறையின் கீழ்ப்படிகளை மூழ்கடித்துக்கொண்டு, பாறைகளில் மோதி வெள்ளையாக நுரைத்துப் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் தலையை இடப்பக்கமிருந்து வலப்பக்கமாகத் திருப்பி அதைப் பின்தொடர்ந்தார்கள். எல்லாரும் வலக்கோடியைப் பார்த்தபடியே காத்திருந்தார்கள். திரும்பி வருகிறதா என்று பார்க்கிறார்கள் என்பது எனக்குத் தாமதமாகவே உறைத்தது.

அதன் பிறகு அம்மா படியிறங்கி, பொரிப்பொட்டலத்தைப் பிரித்து ஆற்றில் வீசினாள். அந்தத் துறையில் மீன்களுக்குப் பொரி போடுவது கோயிலுக்கு வருபவர்களின் வழக்கம். முழங்கை நீள மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு வாயைத் திறந்துகொண்டு மேலே வரும். காலையில் மஸ்ஹுனி, மதியம் கருதியா என்று வேளைக்கு வேளை சூரையைச் சாப்பிட்டு வளரும் பிள்ளைகள், தூண்டிலில் ஒவ்வொன்றாகச் சூரை பிடிக்கும் தகப்பன்மார்களின் பிள்ளைகள், இதைக் கண்டு இருக்கையில் உட்கார மறுத்துவிட்டார்கள். ஏன் பிடிக்காமல் நிற்கிறார்கள், மிஸ்? சாமியின் மீன் என்றேன். அந்தப் பாட்டி மீனுக்குச் சாப்பாடு போடுகிறாரா? ஆமாம். மீன் அவருக்குச் சாப்பாடு ஆகாதா? ஆகாது. அந்த ஊரில் எல்லாருக்கும் பசி இல்லையா என்று ஒருவன் மிகுந்த அக்கறையோடு விசாரித்தான்.

அந்நேரம் பார்த்து ஒரு செவலை நாய் பொரிக்குப் பங்கு கேட்டு அம்மாவின் அருகே வந்தது. மாலத்தீவில் நாய் வளர்க்க அனுமதி இல்லை. என் பிள்ளைகள் நாயைக் கார்ட்டூனிலும் எழுத்துப் புத்தகத்திலும் மட்டுமே கண்டவர்கள். அலறல் பக்கத்து வகுப்பு வரை கேட்டது. இருவர் மேசைக்கு அடியில் போய்விட்டார்கள். அம்மா "சீ, அங்கிட்டுப் போ" என்றதும் நாய் போய்விட்டது. அலறியவர்களில் ஒருத்திக்கு அதில்தான் ஏமாற்றம். அது ஏன் பதில் பேசாமல் போகிறது என்றாள். கார்ட்டூன் நாய் பேசுமல்லவா.

கடைசியாக, அந்தச் சிறுவனின் கேள்வியைத் தமிழில் அம்மாவிடமே கேட்டேன்: ஆறு எப்போது திரும்பி வரும் என்று கேட்கிறான். அம்மா சிரிக்கவில்லை. ஆற்றை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "அது எப்படிட்டி திரும்பி வரும்? புன்னக்காயல்ல கடலோட சேந்துட்டுன்னா, பொறவு அது கடல்தான். அவுக ஊருப் பக்கந்தானே போவும், அங்கன பாத்துக்கிடச் சொல்லு" என்றாள். இதை நான் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் காலை அவன் சீருடையின் கால்பகுதி நனைந்திருக்க வகுப்புக்கு வந்தான். கூடவே இன்னும் நால்வர், அதே கோலத்தில். கரையில் இறங்கிக் கையால் அள்ளிக் குடித்துப் பார்த்தார்களாம்.

"இன்னும் வந்து சேரவில்லை, மிஸ். உப்பாகத்தான் இருக்கிறது."

அந்த வாரம் முழுவதும் இந்த ஆய்வு நடந்தது. வியாழக்கிழமை ஒருத்தி மட்டும், கொஞ்சம் உப்புக் குறைந்திருப்பதாக உறுதியாகச் சொன்னாள். வயிற்றுக்கு ஆகாது, யாரும் கடல்நீரைக் குடிக்கக் கூடாது என்று எச்சரித்து, பெற்றோருக்கும் சொல்லியனுப்பி, நான் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தேன். அந்த மாமா சந்தையில் என்னைக் கண்டபோதெல்லாம், உள்ளங்கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய் நடித்துக் காட்டிவிட்டுச் சிரிப்பார்.

ரயில் கணக்கு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரயிலே இல்லாத நாட்டில் ரயிலின் வேகம் பற்றிய கணக்கு வந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. நெல்லை எக்ஸ்பிரஸை உதாரணமாகக் கொண்டு, 22 பெட்டி, பெட்டிக்கு ஏறக்குறைய 23 மீட்டர் என்று பெருக்கச் சொன்னேன். விடை 506. சரியாகவே போட்டார்கள். அதைத் தீவின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, கடைசிப் பெட்டி படகுத்துறையில் நிற்கும்போது எஞ்சின் பள்ளிவாசலைத் தாண்டிவிடும், பிறகு ஒரு முறை நகர்ந்தால் எல்லாரும் கடலில் விழுவார்கள், ஆகவே இந்த வாகனம் ஆபத்தானது என்று எழுதி வைத்தான் ஒருவன். நான் முழு மதிப்பெண் போட்டேன். அப்போதெல்லாம் பச்சை மைப் பேனாவுக்கு மாறியிருந்தேன்.

2018இல் ஊருக்குத் திரும்பிவிட்டேன். இப்போது அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் அதே மூன்றாம் வகுப்பு. இந்தப் பிள்ளைகளுக்கு ஆற்றைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கார் சாகுபடிக்கு அணையை எப்போது திறப்பார்கள், இன்றைக்குப் பாபநாசத்தில் எத்தனை அடி, மணிமுத்தாற்றில் எத்தனை அடி என்பதெல்லாம் வீட்டில் காபியோடு சேர்த்துக் கேட்டு வளர்பவர்கள். போன மாதம் கடல் பற்றிய பாடம். கடல் பார்த்தவர்கள் யார் என்று கேட்டதற்கு, தம்பிக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போய்வந்த ஒரு பையன் எழுந்தான்.

"காலைல பாத்தப்ப தண்ணி கிட்டக்க இருந்துச்சு மிஸ். சாயங்காலம் தள்ளிப் போயிட்டு. யாரு மிஸ் ஷட்டர அடச்சா?"

ஷட்டர் எல்லாம் இல்லை என்று சொல்லி, கரும்பலகையில் பூமியை ஒரு வட்டமாகவும் நிலவைச் சிறிய வட்டமாகவும் வரைந்து, நிலவு இழுப்பதால்தான் கடல்நீர் ஏறுகிறது, இறங்குகிறது என்று நிதானமாக விளக்கினேன். அவன் படத்தையே வெகுநேரம் பார்த்தான். அந்தப் பார்வையை நான் முன்பே எங்கோ கண்டிருக்கிறேன்.

"அப்போ ஷட்டரு நெலாவுல இருக்கு, அப்படித்தான மிஸ்?"